அறுபத்திரண்டு கிலோ டிரைவர்

டிப்போவில் அவருக்குப் பீப்பா என்று பெயர். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஏன் வைத்தார்கள் என்று யாரும் கேட்டதுமில்லை. ஆறடி உயரம், நூற்று நான்கு கிலோ எடை, பத்தொன்பது வருட பஸ் டிரைவர். சீட்டில் உட்கார்ந்தால் ஸ்டியரிங் அவர் வயிற்றைத் தடவிக்கொண்டுதான் சுற்றும். சட்டையின் நாலாவது பொத்தான் இருக்கும் இடம் மட்டும் துணி பளபளவென்று தேய்ந்திருக்கும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. உட்கார்ந்தே பிழைக்கிறவனுக்கு வயிறு என்பது சாமான் வைக்கிற இடம் என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

வருடாந்திர உடல் பரிசோதனையில்தான் அந்தச் சிரிப்பு நின்றது. டிப்போவுக்கு வரும் டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"உங்க ரத்த அழுத்தம் இப்படியே இருந்தா அடுத்த வருஷம் நீங்க ஓட்டலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். போட்டா நாளைக்கு நான் தூங்க முடியாது. ஒரு சைக்கிள் வாங்குங்க. எடைய எண்பது கிலோவுக்கு இறக்கிட்டு வாங்க. அது போதும்."

வாங்கினார். பழைய சைக்கிள்தான். வீட்டிலிருந்து டிப்போவுக்கு ஆறு கிலோமீட்டர். முதல் நாள் பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனபோது, பால் வண்டிக்காரர் பக்கத்தில் நிறுத்தி, "சைக்கிள ஏத்திக்கட்டுமா, இல்ல உங்களையா?" என்று கேட்டார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாளும் போனார். ஒன்றரை வருடத்தில் எண்பது கிலோவுக்கு வந்து நின்றார். ரத்த அழுத்தம் ஒழுங்காகிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. குனிந்து தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்ட அன்றைக்கு மனைவியைக் கூப்பிட்டு இரண்டாவது தடவை மாட்டிக் காட்டினார். சைக்கிளுக்குக் காது இருந்திருந்தால், அவர் தினமும் அதைத் துடைக்கும்போது சொன்ன நன்றியைக் கேட்டுக் கூச்சப்பட்டிருக்கும்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கும் வேலை மிச்சம், அவருக்கும் நல்லது. ஆனால் ஒன்று நன்றாக நடந்துவிட்டால் அதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவர் நம்மில் யார்?

ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கடை வாசலில் ஒரு கூட்டம் சேரும். இருபது பேர் இருப்பார்கள். ஊருக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி மேடு என்று ஒரு ஏற்றம், ஐந்து கிலோமீட்டர். வருடத்துக்கு ஒருமுறை அதில் போட்டி. இருபத்திரண்டு நிமிடத்துக்குள் ஏறினால் முதல் குழு; மற்றவர்கள் எல்லாம் பின்னால் வருகிற கூட்டம். நம்மாள் எண்பது கிலோவில் இருபத்தாறு நிமிடத்தில் ஏறினார். நாற்பத்து மூன்று வயதில் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு போட்டியில் யாரையோ முந்தியிருந்தார். அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கூட்டத்துக்கு எடைப் பைத்தியம் இருந்தது. கடை வாசலில் ஒரு கொக்கித் தராசு தொங்கும். வந்தவுடன் ஒவ்வொருவரும் சைக்கிளை அதில் மாட்டிப் பார்ப்பார்கள். போன வாரத்தைவிட நாற்பது கிராம் குறைந்திருந்தால் கை கொடுத்துக்கொள்வார்கள். ஒருவர் சீட்டுக் குழாயில் ஓட்டை ஓட்டையாகப் போட்டிருந்தார். வங்கி அதிகாரி ஒருவர் டயர் வால்வு மூடிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். சட்டைப் பையும் தன்னோடுதான் மேடு ஏறுகிறது என்பது அவருக்கு உறைக்கவேயில்லை. டிரைவர் சைக்கிளை மாட்டினால் தராசு முள் பயந்துபோய் ஓடும். பதினாறு கிலோ.

"அண்ணே, இந்த வண்டியில ஒரு கிலோ குறைக்கணும்னா வண்டியையே மாத்தணும். உங்க மேல ஒரு கிலோ குறைக்கணும்னா ராத்திரிச் சாப்பாட்ட விட்டா போதும்" என்றார் கடைக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரிப்பதற்காகத்தான் சொன்னார். டிரைவர் மட்டும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து தன் உடம்பை அவர் சைக்கிளின் ஒரு உதிரிபாகமாகப் பார்க்க ஆரம்பித்தார். ஓட்டை போடலாம், சீவலாம், கழற்றலாம்.

முதலில் இரவுச் சாப்பாடு போனது. பிறகு காலைச் சாப்பாடு. எழுபத்தைந்து, எழுபது, அறுபத்தாறு. மேடு இருபத்து மூன்று நிமிடம் நாற்பது நொடிக்கு வந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அறுபத்து மூன்றுக்கு இறங்கியபோது ஒரு வேடிக்கை நடந்தது. நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. இருபத்தைந்தரை. சாதாரண மனிதன் என்ன நினைப்பான்? ஏதோ தப்பாகப் போகிறது என்று நினைப்பான். சைக்கிள் கூட்டத்தில் சேர்ந்தவன் என்ன நினைத்தான்? இன்னும் எடை இருக்கிறது என்று நினைத்தான். மதியச் சாப்பாட்டையும் விட்டார்.

அதில் ஒரு சிக்கல். மதியச் சாப்பாட்டை மனைவி டப்பாவில் கட்டிக் கொடுத்துவிடுவாள். திறந்து பார்க்காமல் திருப்பிக் கொண்டுபோனால் வீட்டில் பூகம்பம். டிப்போவில் ஒரு நாய் இருந்தது. எந்நேரமும் வாசலில் உட்கார்ந்து எல்லாரையும் முறைத்துக்கொண்டிருப்பதால் அதற்குச் சூப்பர்வைசர் என்று பெயர். ரொட்டியும் முட்டையும் காயும் தினமும் சூப்பர்வைசருக்குப் போனது. டப்பா சுத்தமாக வீட்டுக்குத் திரும்பியது. "சைக்கிள் ஓட்டுற உடம்புல சதை ஒட்டாதுடி" என்று மனைவிக்குச் சமாதானம் சொல்லிவிடுவார். அவளும் காலி டப்பாவைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்வாள்.

கண்டக்டருக்குத்தான் சந்தேகம். அவர் டிரைவரைவிட மூன்று வயது இளையவர். ஏழு வருடமாக இருவருக்கும் ஒரே பஸ், ஒரே நேரம். பெண்டாட்டியோடு பேசியதைவிட இவரோடு பேசியது அதிகம் என்று இருவருமே அவரவர் வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறார்கள். உச்சி வெயிலில் டிரைவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டுவதைக் கண்டக்டர் பார்த்தார். எலும்பு உறுத்துகிறது என்று சீட்டில் தலையணை வந்ததைப் பார்த்தார். பெல்ட்டில் ஆணியால் போட்ட நாலாவது ஓட்டையைப் பார்த்தார். ஏழு வருடமாகக் கேட்டுச் சிரித்த நகைச்சுவைக்கெல்லாம் டிரைவர் சள்ளென்று விழுவதையும் பார்த்தார். ஆனால் கண்டக்டருக்கு விஷயம் பிடிபட்டது நாயால்தான். எழுந்து நிற்கவே யோசிக்கிற அளவுக்குச் சூப்பர்வைசர் பெருத்துப் போயிருந்தது.

"என்னண்ணே, நீங்க இறக்கின எடையெல்லாம் அதுமேல ஏறிடுச்சு போல இருக்கே?" என்று கேட்டார்.

"உன் வேலையப் பாரு."

கண்டக்டர் தன் வேலையைப் பார்த்தார். ஆனால் அன்றிலிருந்து டிரைவர் தலையின் பின்பக்கத்தையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே பஸ்ஸின் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த பஸ்களில் கூரையை ஒட்டி ஒரு கயிறு ஓடும். கண்டக்டர் பின்னாலிருந்து இழுத்தால் டிரைவரின் காதருகே மணி அடிக்கும். ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு மணி என்றால் போ. டிரைவருக்குப் பின்படி தெரியாது. யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்பது கண்டக்டர் கண்ணுக்குத்தான் தெரியும். அதனால் இரண்டு மணி கேட்காமல் வண்டி ஒரு அங்குலம் நகரக்கூடாது. நம்மாள் பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட அதை மீறியதில்லை. மேனேஜரே வந்து கிளம்பு என்றாலும் மணி கேட்டால்தான் கியரில் கை வைப்பார்.

போட்டிக்குப் பதினாறு நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமை, காலை மூன்றாவது நடை. முந்தைய இரவு அவர் சாப்பிட்டது ஒரு தக்காளி. காலையில் பால் இல்லாத காபி குடித்துவிட்டு, மேட்டில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு வேலைக்கு வந்திருந்தார். எடை அறுபத்திரண்டு. அந்த எண்ணை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே சந்தை நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினார்.

பேக்கரியில் வேலை செய்யும் அம்மா ஒருவர் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். இரண்டு தட்டு பன். முதல் தட்டை நடைபாதையில் வைத்துவிட்டு, ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலுமாக, கண்டக்டர் கையிலிருந்து இரண்டாவது தட்டை வாங்கத் திரும்பினார்.

டிரைவருக்கு மணி கேட்டது. ஒன்று, இரண்டு. தெளிவாகக் கேட்டது. கிளட்சை விட்டார்.

வண்டி மூன்றடி நகர்ந்தது. பின்னால் ஒரு அலறல். கண்டக்டர் தட்டை வீசிவிட்டு அந்த அம்மாவின் கையை ஒரு கையால் பிடித்து உள்ளே இழுத்தார். மறுகையால் கயிற்றை அறுந்துவிடுகிற மாதிரி இழுத்தார். வண்டி குலுங்கி நின்றது. பன்கள் சாலை முழுக்க உருண்டன. பின் சக்கரம் நாலு பன்னின் மேல் ஏறி நின்றிருந்தது.

பேக்கரி அம்மா உயிரோடு இருந்தார். செருப்பு ஒன்று போயிருந்தது, அவ்வளவுதான். ஒற்றைச் செருப்போடு பஸ்ஸுக்குள்ளேயே நடந்து டிரைவர் சீட்டுக்கு வந்து பிடிபிடியென்று பிடித்தார். "கண்ண எங்கய்யா வச்சிருக்க? என் கால் போயிருந்தா நாளைக்கு நீயா வந்து கடையத் திறப்ப? அறிவிருக்கா உனக்கு?"

"ரெண்டு மணி அடிச்சுதேம்மா" என்றார் டிரைவர். "யோவ், ரெண்டு மணி அடிச்சல்ல?"

கண்டக்டர் முன்னால் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, நான் கயிறத் தொடவே இல்ல. என் ரெண்டு கையிலயும் பன் தட்டு இருந்துச்சு."

"எனக்குக் கேட்டுச்சுய்யா."

"கேட்டிருக்கும். ஆனா யாரும் அடிக்கல."

 யாரோ ஒருவர், சரி சரி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, ஆபீசுக்கு நேரமாகிறது, கிளம்புங்கள் என்றார். டிரைவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. வெட்கம் ஒரு பக்கம், நடுக்கம் ஒரு பக்கம். வண்டி ஓட ஆரம்பித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. "போய் மணிய அடி" என்றார்.

கண்டக்டர் தன் இடத்துக்குப் போனார். கயிற்றைப் பிடித்தார். இழுக்கவில்லை.

"அடிய்யா!"

"அடிக்க மாட்டேண்ணே."

"என்ன?"

"நீங்க எதையாவது சாப்பிடற வரைக்கும் அடிக்க மாட்டேன். மெமோ குடுக்கட்டும், வீட்டுக்கு அனுப்பட்டும். இந்தக் கயிறு சும்மாதான் தொங்கும்."

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம். டிக்கெட் டிக்கெட் என்று கத்தியே வளர்ந்த குரல். மனசில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். ஸ்வெட்டர், தலையணை, பெல்ட் ஓட்டை, ஒன்றையும் விடவில்லை. "இவரு டப்பாவத் தின்னு எங்க டிப்போ நாய் நடக்க முடியாமக் கிடக்குது சார்! இவரு காத்தக் குடிச்சுட்டு உங்கள எல்லாம் ஏத்திக்கிட்டுப் போறாரு!" யாரோ சிரித்துவிட்டார்கள். யாரோ கோபப்பட்டார்கள். மணி அடிக்காதே என்று ஒரு கட்சி, நேரமாகிறது என்று ஒரு கட்சி.

டிரைவருக்கு அப்படி ஒரு ஆத்திரம். அத்தனை பேர் முன்னால் மானம் போயிற்று. கண்டக்டரை இழுத்து இறக்கிவிடுகிற வேகத்தில் சீட்டைவிட்டு எழுந்தார். எழுந்தவுடன் கண்முன்னால் எல்லாம் கறுத்தது. கையில் அகப்பட்ட கம்பியைப் பிடித்துக்கொண்டார். கறுப்பு மெல்ல விலகியபோது முதலில் தெரிந்தது கம்பியைப் பிடித்திருந்த கைதான். கடிகாரம் மணிக்கட்டிலிருந்து வழிந்து முழங்கைப் பக்கம் போயிருந்தது.  யாரோ ஒரு நோயாளியின் கை என்று ஒரு கணம் நினைத்தார்.

அந்தக் கையை பேக்கரி அம்மாவும் பார்த்தார். திட்டிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றது. இறங்கிப்போய் நடைபாதையில் வைத்த முதல் தட்டிலிருந்து ஒரு பன்னை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பிடி."

"வேணாம்மா. போட்டிக்கு இன்னும் பதினாறு நாள்தான்…"

"என்ன போட்டி? யாரு முதல்ல சாகறதுன்னா?"

 டிரைவர் பன்னை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். முதல் வாய் கடித்தபோது எச்சிலே ஊறவில்லை. காகிதத்தை மெல்லுவது போலிருந்தது. இரண்டாவது பன்னில் ருசி தெரிந்தது. மூன்றாவது பன்னில் அழுகை வந்துவிட்டது. ஒரு பள்ளி ஆசிரியை வாழைப்பழம் கொடுத்தார். நேரமாகிறது என்று சத்தம் போட்ட ஆபீஸ்காரர் பையைத் திறந்து, தன் மதியத்து முட்டை இரண்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேக்கரி அம்மா கடையைத் திறக்க நேரமாயிற்று என்று தட்டைத் தூக்கிக்கொண்டு ஒற்றைச் செருப்போடு போய்விட்டார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதுகூட டிரைவருக்கு அப்போது தோன்றவில்லை.

இருபது நிமிடம் கழித்துக் கண்டக்டர் கயிற்றைத் தொட்டார். "இப்ப அடிக்கட்டுமாண்ணே?"

டிரைவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சாவியைக் கழற்றிக் கொண்டுவந்து கண்டக்டர் கையில் வைத்தார். "வேணாம்ப்பா. இன்னைக்கு நான் ஓட்டக் கூடாது. இவங்கள அடுத்த வண்டியில ஏத்திவிடு."

டிப்போவுக்குத் தகவல் போயிற்று. மாற்று டிரைவரும் மெக்கானிக்கும் வந்தார்கள். கண்டக்டர் பதிவேட்டில், பிரேக்கில் காற்று இறங்குகிறது, அதனால் வண்டியை நிறுத்தினோம் என்று எழுதினார். சுத்தப் பொய். டிரைவருக்கு இல்லாத மணி கேட்டது என்று எழுதினால் அவர் வேலை என்ன ஆகும் என்று கண்டக்டருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் டிரைவர் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். நாயையும் சொன்னார்.  மனைவி சொன்னாள்: "ரெண்டு மாசமா நாய்க்குச் சமைச்சிருக்கேன். பரவாயில்ல, அது ஒரு நாளும் உப்பு கம்மின்னு சொன்னதில்ல." அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். "நீங்க பெருத்துக் கிடந்தப்பகூட நான் பயந்ததில்லீங்க. இப்ப ராத்திரி மூச்சு வருதான்னு கைய வச்சுப் பாத்துட்டுதான் தூங்கறேன்."

மறுநாள் காலை கண்டக்டருக்கு மெமோ வந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டார், பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. பொய்யான காரணம் எழுதி நடையை நிறுத்தியதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

"நீங்க வாயத் திறக்காதீங்க" என்றார் கண்டக்டர், மேனேஜர் அறை வாசலில். "எனக்கு மெமோ வர்றது கல்யாணப் பத்திரிகை வர்ற மாதிரி. இது பதினொண்ணாவது. உங்களுக்கு அப்படி இல்ல. உண்மையச் சொன்னா ஸ்டியரிங்கத் தொட விடமாட்டாங்க. உங்களுக்கு வேற என்னண்ணே தெரியும்?"

உண்மைதான். வேறொன்றும் தெரியாது. டிரைவர் அந்த வாசலில் நின்று யோசித்தார். பேசாமல் இருந்தால் வேலை பத்திரம். இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்படி யோசித்தார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்; நம்மாள் ஒன்றும் மகான் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் ஒற்றைச் செருப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. கண்டக்டருக்கு முன்னால் அவரே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"சார், பிரேக் நல்லா இருக்கு. நான்தான் நல்லா இல்ல."

மேனேஜர் நிமிர்ந்தார். டிரைவர் நின்றபடியே சொன்னார். மேடு, தக்காளி, யாரும் அடிக்காத மணி, நகர்ந்த மூன்றடி, எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் கண்டக்டர் பக்கம் கையைக் காட்டினார். "இவர் எழுதினது பொய்தான். ஆனா நேத்து இவர் கயிற இழுத்திருந்தா நான் ஓட்டியிருப்பேன் சார். அடுத்த நிறுத்தம் பள்ளிக்கூடம். இவர் மாட்டேன்னு நின்னதாலதான் நான் கொலைகாரனா நிக்காம வெறும் எலும்பும் தோலுமா உங்க முன்னால நிக்கிறேன். மெமோவ என் பேருக்கு மாத்துங்க."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். பிறகு கண்டக்டரைப் பார்த்து, "இனிமே காரணம் எழுதறப்ப உண்மைய எழுதுய்யா. எனக்கும் உண்மையப் படிக்கத் தெரியும்" என்றார். டிரைவரை டாக்டரம்மாவிடம் அனுப்பினார்.

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "எண்பதுன்னு சொல்லி அனுப்பினேன். அது உங்களுக்கு நல்ல எடை. அதுக்கு அப்புறம் கரையறதுக்குக் கொழுப்பு எங்க இருக்கு? உடம்பு தொடைச் சதையத் தின்ன ஆரம்பிச்சிடுச்சு. வண்டி கனம் குறையணும்னு இஞ்சின்ல பாதியக் கழட்டிப் போட்டுட்டு, ஏன் மேடு ஏற மாட்டேங்குதுன்னு கேக்கறீங்க." டிரைவருக்கு அது சட்டென்று புரிந்தது. இவ்வளவு நாள் யாரும் அவருக்குப் பஸ் பாஷையில் சொல்லவில்லை.

எழுபத்தாறுக்கு மேல் வரும்வரை ஸ்டியரிங் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. சைக்கிள் மெதுவாக ஓட்டலாம். சாப்பிட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். பஸ்ஸில் தொலைந்த பொருட்கள் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஐந்து மாதம் குடைகளுக்கும் ஒற்றைக் கையுறைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டார். சும்மா இல்லை, முதல் ஒரு மாதம் ஒவ்வொரு கவளமும் பயமாக இருந்தது, ஏதோ தப்பு செய்வது போல. மதியம் ஆனால் கண்டக்டர் வந்து எதிரே உட்கார்ந்துகொள்வார். டப்பாவைத் திறக்கும்வரை ஊர்க்கதை பேசுவார், மூடும்வரை எழுந்திருக்க மாட்டார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் மட்டும் டிரைவர், "யோவ், நீ இல்லேன்னா…" என்று ஆரம்பித்தார். "முட்டை ஆறுதுண்ணே" என்றார் கண்டக்டர்.

அந்த வருடப் போட்டியில் அவர் ஓட்டவில்லை. மேட்டு உச்சியில் நின்று வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். எழுபத்தேழு கிலோவானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக ஏறிப் பார்த்தார். இருபத்து மூன்று நிமிடம் பத்து நொடி. அறுபத்து மூன்றில் ஏறியதைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் குறைவு. முதல் குழு இன்னும் எட்டவில்லை. உச்சியில் உட்கார்ந்து இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு, தன் தொடையை இரண்டு தட்டுத் தட்டி, மன்னிச்சுக்கடா என்று சொன்னார்.

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலை அவர் தன் பஸ்ஸில், தன் சீட்டில், தலையணை இல்லாமல் உட்கார்ந்தார். மூன்றாவது நடையில் ஒரு அம்மா பன் தட்டுகளோடு ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தார். கண்ணாடியில் பார்த்தவுடன் டிரைவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஆரம்பித்தது அந்த அம்மாதான். "நீ புதுசாப்பா? முன்னால இந்த வண்டியில ஒரு டிரைவர் இருந்தானே, நெட்டையா, காத்தடிச்சா பறந்துடுவான் போல, அவன் என்ன ஆனான்?"

"ஏம்மா கேக்கறீங்க?"

"ஒருநாள் அவனக் கண்டபடி திட்டிட்டேன். அப்புறம் பாத்தா பசியில நிக்கிறான். அன்னைக்கு முழுக்க மனசே கேக்கல. மறுநாள்லேர்ந்து ஒரு வாரம் அவனுக்குன்னு ரெண்டு பன் தனியா எடுத்துக்கிட்டு வந்தேன். வேற ஆளு ஓட்டினான். அவன் வரவே இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "செத்துகித்துப் போயிட்டானா?"

 இந்த அம்மாவின் கால் போகப் பார்த்தது டிரைவரால். திட்டியதற்காக மனசு கேட்காமல் பன் எடுத்துக்கொண்டு வந்ததோ இந்த அம்மா. இப்படி ஒரு மனுஷியின் கையால் தின்று பிழைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது, அவருக்கு அந்த பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"அம்மா, அது நான்தாம்மா."

பேக்கரி அம்மா எட்டி அவர் கன்னத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"யாருக்குய்யா காது குத்தற? அவன் எங்க, நீ எங்க! எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

பின்னால் கண்டக்டர் வாய்விட்டுச் சிரித்தார். உடம்பு நன்றாக இருக்கிறது என்று டிரைவர் எத்தனையோ டாக்டர் சீட்டு வாங்கியிருக்கிறார். இதுபோல ஒன்றை யாரும் கொடுத்ததில்லை. அவர் மேற்கொண்டு வாதாடவில்லை.

"அவர் நல்லா இருக்காரும்மா. பிழைச்சுக்கிட்டாரு."

"அப்பாடா" என்றார் அந்த அம்மா. சந்தை நிறுத்தம் வந்துவிட்டது. ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "பாத்தா சொல்லு. நான் திட்டினத மனசுல வச்சுக்க வேணாம்னு சொல்லு."

"சொல்றேம்மா" என்றார் டிரைவர்.  அந்த அம்மா இறங்கி, கண்டக்டர் நீட்டிய இரண்டாவது தட்டையும் வாங்கிக்கொண்டு, கடையைப் பார்த்து நடந்து போனார்.